பேச்சுப் பயிற்சியில் உதவியாளரின் பங்கு



"இவன் அத்தாவும் நாலு வயசுலதான் பேசினாரு, தானா வந்துடும்" என்ற சொல்லை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளைக்குக் காத்திருப்பது மருந்தல்ல. முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு பேச்சு, மொழிச் சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

காட்டிய பிறகுதான் பெரிய சிரமம் தொடங்குகிறது. வாலாஜாபாத்திலிருந்து சென்னைக்கோ, முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனத்துக்கோ வாரந்தோறும் பிள்ளையைத் தூக்கிச் செல்ல ஒரு நாள் கூலி போகும். சில மாதங்களில் பயணம் நின்றுவிடுகிறது. பேச்சுப் பயிற்சியோ அன்றாடம் நடக்க வேண்டியது. இந்த இடைவெளியை நிரப்புபவரே உதவியாளர்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. எழுத்தின் மக்ரஜை உஸ்தாத் காட்டிக்கொடுப்பார். மூத்த மாணவர் பக்கத்தில் அமர்ந்து திரும்பத் திரும்ப ஓதச் சொல்லிக் கேட்பார். அடுத்த பாடத்தை முடிவு செய்பவர் உஸ்தாத்தான்.

இங்கும் அப்படியே. பிள்ளையைச் சோதித்து, குறை இன்னதென்று கண்டு, திட்டம் வகுப்பவர் நிபுணர். அதன்படி பயிற்சி தருபவர் உதவியாளர். 'கா' என்பதைத் 'தா' என்று சொல்லும் பிள்ளையை முதலில் அந்த ஒலி, பிறகு 'காது', 'கால்', பிறகு 'கால் வலிக்கிறது' என்று படிப்படியாகப் பழக்குவார். பத்துத் தடவையில் எத்தனை சரி என்று குறித்து நிபுணருக்குத் தெரிவிப்பார். வீட்டில் செய்ய வேண்டியதைத் தாய்க்கும் சொல்லித் தருவார். குறைக்குப் பெயர் சூட்டுவதும், பயிற்சியைத் தாமே மாற்றுவதும், இத்தனை மாதத்தில் பேசிவிடுவான் என்று வாக்களிப்பதும் அவர் வேலையல்ல.

இது நம் தமிழ்நாட்டில் நடந்துகாட்டிய முறை. அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைகள் பலருக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பேச்சுப் பயிற்சி தேவைப்படும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் நிபுணர்கள் திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்கி, அவர்கள் மூலம் ஊரிலேயே அப்பயிற்சி கிடைக்கச் செய்தனர்.

இதற்கெனப் படிப்பும் உண்டு. 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம், பிளஸ் டூ முடித்தோருக்கு ஓராண்டு டிப்ளமோ நடத்தி இத்தகைய உதவியாளர்களை உருவாக்கி வந்திருக்கிறது.

பிளஸ் டூ முடித்து வீட்டிலிருக்கும் நம் பிள்ளைகளில் ஒருவர் இதைக் கற்று வந்தாலும் போதும், இவ்வூர்க் குழந்தைகளின் பயிற்சி பாதியில் நிற்காது. விருப்பமுள்ளோர் ஜும்ஆ தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் எங்களைச் சந்திக்கவும். பேச்சு தாமதமாகும் பிள்ளையின் பெற்றோரும் தயங்காமல் வரவும்.