ஊருக்காகக் கேட்கலாம், கேட்ட செலவுக்குக் கணக்கு வேண்டும்

நாகூரில் சொத்து வரியைப் பலரும் இப்போது போனிலேயே கட்டிவிடுகிறார்கள். ரசீது வந்ததும் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஒரு டீக்கடைப் பேச்சைக் கற்பனை செய்து பாருங்கள்:

“நானா, வரி கட்டியாச்சு. வாய்க்கால் மட்டும் அப்படியே கிடக்குதே?”

“மேலிடத்துல நிதி கேட்டிருக்காங்களாம், தம்பி.”

“கேக்கறதுக்கே எவ்வளவு செலவாச்சுன்னு நாம கேட்டோமா?”

அந்தக் கடைசிக் கேள்விதான் இந்த மாதப் பாடம்.

ஏன் கேட்க வேண்டியிருக்கிறது?

நாகூர், 1866-இல் தொடங்கப்பட்ட நாகப்பட்டினம் நகராட்சியில் அடங்கியது. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருவாய் மட்டும் ஒரு நகராட்சிக்குப் போதாது. மாநில நிதி ஆணையம், மத்திய நிதி ஆணையம் ஆகியவற்றின் பரிந்துரைப்படி வரும் மானியமும் வேண்டும். ஆகவே அரசிடம் கேட்பது தவறல்ல. கேட்காமல் இருப்பதுதான் தவறு.

முறையாகக் கேட்கும் வழியும் உண்டு. நகர்மன்றம் தீர்மானம் போடும். ஆணையர் அதை நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்கும் அரசுக்கும் அனுப்புவார். இதற்குப் பெரிய செலவு கிடையாது. வடிகால் திட்டத்துக்கு மதிப்பீடு தயாரிக்க ஆகும் செலவும் வேலை சார்ந்ததே. ஆனால் வரவேற்பு வளைவு, பாராட்டு விளம்பரம், தேவையற்ற பயணம் எல்லாம் “ஊருக்காகத்தான்” என்ற பெயரில் பொதுநிதியில் சேர்ந்தால், வாய்க்காலுக்குப் போக வேண்டிய பணம் குறையும்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

அரசைத் தன் பக்கம் இழுக்கக் கூலிக்கு ஆள் வைப்பதை ‘லாபியிங்’ என்கிறார்கள். இங்கிலாந்தில் உள்ளாட்சி விளம்பரங்களுக்கான 2011-ஆம் ஆண்டு நடத்தை நெறி, இதற்காக லாபி ஆட்களை அமர்த்திச் செலவு செய்யக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2019-இல் இப்படி ஒரு கட்டுப்பாட்டு மசோதா மேலவையில் நிறைவேறி, கீழவையில் தோற்றது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணத்திலும் நியாயம் உண்டு: பெரிய கம்பெனிகள் ஆள் வைத்துப் பேசும்போது சின்ன ஊருக்காக யார் பேசுவது?

நம்மிடம் உள்ள மூன்று வேலிகள்

இந்தியாவில் லாபியிங்குக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் கைவசம் இவை இருக்கின்றன:

1. விளம்பர நெறிமுறை: 2015 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அரசு விளம்பரங்களுக்கு நெறிமுறை வகுத்தது. அரசின் பொறுப்போடு தொடர்பு, நடுநிலை, செலவில் சிக்கனம் ஆகியவை வேண்டும். ஆளுங்கட்சி நலனுக்கு விளம்பரம் பயன்படக் கூடாது. உள்ளாட்சிகளும் இதில் அடக்கம்.

2. தணிக்கை: நகராட்சிக் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. விதிக்குப் புறம்பான செலவு இருந்தால் தணிக்கைத் தடை எழுப்பும்.

3. தகவல் உரிமைச் சட்டம், 2005: இதன் 4-ஆவது பிரிவுப்படி, பட்ஜெட் ஒதுக்கீட்டையும் செலவையும் யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும்.

போனை எடுங்க, இப்படிச் செய்யுங்க

முதலில் நகராட்சி இணையதளத்தில் பட்ஜெட்டைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். ஆர்டிஐ ஆன்லைன் தளத்தின் பட்டியலில் உங்கள் நகராட்சி இருந்தால் அங்கேயே அனுப்பலாம். இல்லையென்றால் பதிவுத் தபால். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். “ஏன் வீண் செலவு?” என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்:

• கடந்த நிதியாண்டில் விளம்பரம், வரவேற்பு, விழாவுக்கான செலவுச் சீட்டு நகல்கள்
• அலுவல் பயணங்களின் நாள், நோக்கம், தொகை
• ஆலோசகர்களுக்குத் தந்த பணம், அவர்கள் தந்த அறிக்கையின் நகல்
• இச்செலவுகளை அனுமதித்த நகர்மன்றத் தீர்மானங்கள், தணிக்கைத் தடைகள்

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். அதற்குப் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். அங்கே 90 நாள் அவகாசம்.

வந்த பதிலைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் வார்டின் ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள். யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. “இந்தச் செலவால் நம் தெருவுக்கு என்ன கிடைத்தது?” என்று கேட்டால் போதும். ஊருக்காகக் கேட்டு நிதி வாங்கி வந்த மன்றம் என்றால், அதைச் சொல்ல அதற்கே பெருமையாக இருக்கும்.