பிரசவ அறையில் எந்த மருந்து?

குழந்தை பிறந்து நஞ்சும் விழுந்தபின் கர்ப்பப்பை கல்லாக இறுக வேண்டும். இறுகினால்தான் நஞ்சு ஒட்டியிருந்த இடத்தின் ரத்தக்குழாய்கள் நெரிபட்டு மூடும். தளர்ந்து கிடந்தால் ரத்தம் கொட்டிக்கொண்டே இருக்கும். 500 மில்லியை எட்டினால் அது மிகை ரத்தப்போக்கு. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அதற்கு முன்பே ஆபத்துதான். ஆகவே குழந்தை பிறந்ததும் எல்லாத் தாய்மாருக்கும் கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். எதைக் கொடுப்பது? சிறிய சுகாதார நிலையத்துக்கு மருந்து வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது தன் ஃபிரிட்ஜையும் மின்சாரத்தையும்.

உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தேர்வு ஆக்சிடோசின். தசையிலோ நரம்பிலோ 10 யூனிட். விலை மலிவு, பக்கவிளைவும் குறைவு. ஆனால் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். இங்கேதான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். காலையில் எடுத்த ஆம்பியூல் மாலைவரை டிரேயில் கிடக்கும். வெயிலில் வீரியம் போனாலும் பார்வைக்கு அதே தெளிந்த நீர்தான். ஊசி போட்ட செவிலியர், மருந்து கேட்கவில்லை என்று உடம்பைக் குறை சொல்வார். பக்கத்து அறையில் தடுப்பூசி ஃபிரிட்ஜ் இருக்கும். அதில் வேறு எதையும் வைக்கக் கூடாது என்பார்கள். ஆக்சிடோசினை அங்கே வைக்கலாம். தனித் தட்டில் பெயர் எழுதி வைத்தால் போதும்.

மின்சாரத்தை நம்ப முடியாத ஊருக்கு வெப்பம் தாங்கும் கார்பெடோசின், 100 மைக்ரோகிராம் ஊசி. 30 டிகிரியிலும் மூன்று ஆண்டுகள் கெடாது. இந்தியா உட்பட 10 நாடுகளில் சுமார் 30,000 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ரத்தப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடோசினுக்குச் சளைக்கவில்லை. அதுவும் ஒழுங்காகக் குளிரில் வைத்த ஆக்சிடோசினோடு ஒப்பிட்டு! கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஒரு குறை: பரிந்துரை தடுப்புக்கு மட்டுமே. வலி தூண்டவோ, தொடங்கிவிட்ட ரத்தப்போக்கை நிறுத்தவோ இதை நம்பி ஃபிரிட்ஜைத் தூக்கிப்போட முடியாது.

ஊசி போட ஆளே இல்லாத இடத்துக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை. கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்துக் கிராமங்களில் துணைச் செவிலியர்கள் 600 மைக்ரோகிராம் கொடுத்தபோது மிகை ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. 2006இல் வெளியான முடிவு இது. நடுக்கமும் காய்ச்சலும் வரும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீட்டார் ஜன்னி கண்டுவிட்டது என்று பதறுவார்கள். இன்னொன்று உயிர் விஷயம்: குழந்தை வெளியே வரும் முன் இந்த அளவு மாத்திரையைக் கொடுத்தால் கர்ப்பப்பை கிழியலாம். வயிற்றைத் தடவி, உள்ளே இரட்டையில் மற்றது இல்லை என்று உறுதி செய்த பிறகே கொடுக்க வேண்டும்.

மெத்தில் எர்கோமெட்ரினுக்கும் குளிர் வேண்டும், வெளிச்சம் ஆகாது, ரத்தக்கொதிப்பு உள்ளவருக்குத் தரவே கூடாது. வேறு வழி இருந்தால் ஒதுக்கிவிடலாம்.

எதை வாங்கினாலும் சிலருக்கு ரத்தம் போகத்தான் செய்யும். கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எப்போதும் குறைத்தே சொல்வோம். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பால் ரத்தத்தை அளந்து, உடனே எல்லாச் சிகிச்சையையும் சேர்த்துத் தொடங்கியதில் கடும் விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன என்று 2023இல் தெரிந்தது. மருந்துப் பட்டியலிலேயே அந்த விரிப்பையும், ரத்தப்போக்கு கண்டால் பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் நரம்பில் ஏற்ற வேண்டிய டிரானெக்சாமிக் அமிலத்தையும் எழுதிவிடுங்கள்.