கண் அழுத்த நோயும் கைவிளக்குச் சோதனையும்

கண்புரையால் மங்கிய பார்வை அறுவைச் சிகிச்சையால் மீளும் என்பதை நம் கிராம மக்கள் நன்கு அறிவர். ஆனால் கண் அழுத்த நோயால் போன பார்வை மீளாது. கிளாக்கோமா எனப்படும் இந்நோயின் ஒரு வகை வரக்கூடியவர்களை முன்கூட்டியே அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சேர்வராயன் மலை ஊராட்சி உறுப்பினர்கள் அதனை அறிந்திருத்தல் அவசியம்.

கண்ணுக்குள் ஒரு நீர் இடைவிடாது ஊறி வடிகிறது. இது கண்ணீர் அன்று. கண்ணின் முன்புறத் தெளிந்த படலமும் அதன் பின்னுள்ள நிறத் திரையும் கூடும் மூலையில் அதன் வடிகால் இருக்கிறது. சிலருக்கு அம்மூலை குறுகலானது. வயது ஏற ஏறக் கண்ணின் லென்சு பருத்துத் திரையை முன்னே தள்ளும். மதகுப் பலகை இறங்கினாற்போல் வடிகால் அடைபட, அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நசியும்.

திடீரென அடைபட்டால் கண் சிவந்து கடுந்தலைவலியும் வாந்தியும் உண்டாகும். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். பித்தம் என்றெண்ணிக் கஷாயம் குடித்திராமல் அன்றே டாக்டரிடம் செல்ல வேண்டும். ஆயினும் நம் நாட்டில் பலருக்கு நோவே இன்றிப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வருகிறது.

சோதனை இதுதான். இருண்ட அறையில் ஒருவரை நேரே பார்க்கச் செய்து, நெற்றிப்பொட்டின் பக்கமிருந்து கண் மட்டத்தில் டார்ச் ஒளியைக் குறுக்கே செலுத்துவர். மூக்குப் பக்கம் வரை திரை முழுதும் ஒளி பெற்றால் இடம் தாராளம். அப்பக்கம் நிழல் விழுந்தால் திரை புடைத்திருக்கிறது. காலை வெயிலில் குன்றின் மறுபுறம் நிழலாயிருப்பதை மலைவாசிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை! கண்ணைத் தொடுவதில்லை; மருந்தும் விடுவதில்லை. பிளவு விளக்குக் கருவி உள்ள இடத்தில் இவ்விடைவெளியை இன்னும் திருத்தமாக அளக்கலாம். 1969-ல் வான் ஹெரிக் என்பார் வெளியிட்ட முறை அது.

நிழல் விழுந்தவரெல்லாம் நோயாளிகள் அல்லர். விழாதவர் எல்லாரும் தப்பியவரும் அல்லர். வடிகால் திறந்திருந்தே வரும் மற்றொரு வகையை இச்சோதனை காட்டாது. நிழல் கண்டவருக்குக் கண்ணை மரக்கச் செய்து, சிறப்புக் கண்ணாடி வைத்து டாக்டர் மூலையை நேரில் காண்பதே முடிவான சோதனை.

திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்டோரைச் சங்கர நேத்ராலயா ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்குச் சுமார் 6 பேருக்கு மூலை குறுகலாயிருந்தது. ஏறத்தாழ ஒருவருக்கு நோயே முற்றியிருந்தது. பெண்களும், தூரப் பார்வைக்குப் பிளஸ் கண்ணாடி அணிவோரும், இந்நோயுற்றவரின் உடன்பிறந்தோரும் முதலில் சோதனைக்கு வரவேண்டும்.

காப்பிப் பழம் பறிக்கும் மும்முரத்தில் முகாம் வைத்தால் எவர் வருவர்? நாகலூர், வெள்ளக்கடை போன்ற ஊராட்சிகள் பறிப்புக்கு முன்பே நாள் குறித்துக்கொள்வது நலம். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது அரைவேலை என்பது எம் கருத்து. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் சென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே நிழல் கண்டவர்களைச் சேர்த்து ஒரே வண்டியில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். அவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாகாது.

திரையில் லேசரால் சிறு துளையிட்டு நீருக்கு வழி செய்வது உண்டு. சீனத்தின் குவாங்சோ நகரில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு, குறுகலானோரில் ஆறாண்டில் நிலை மோசமானவர் சிலரே எனக் காட்டிற்று. எனவே லேசர் யாருக்கு வேண்டும் என்பதை டாக்டரே தீர்மானிப்பார். குறுகல் எனக் கண்டறியப்பட்டவர் சளி மாத்திரை வாங்கும்போதும் அதனைச் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகள் கண்பாவையை விரித்து வடிகாலை அடைக்க வல்லன.