அப்பாவின் கோபம்

கேள்வி: அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர், இப்போது பால்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் எரிந்து விழுகிறார். போன வாரம் பேப்பர் தாமதமாக வந்ததற்குத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி எறிந்திருக்கிறார். கோபத்துக்கு மூளையில் தனி இடம் உண்டாமே, அதை மாத்திரையால் அடக்க முடியாதா?

பதில்: இடம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் ஹைப்போதலாமஸ். பூனைகளுக்கு அங்கே மின்சாரம் செலுத்தினால் முதுகு மயிர் சிலிர்க்கச் சீறிப் பாய்கின்றன என்று சூரிச்சில் வால்டர் ஹெஸ் காட்டினார். 1949-ல் நோபல் பரிசும் பெற்றார். 2011-ல் கலிபோர்னியாவின் கால்டெக்கில் டாயூ லின், டேவிட் ஆண்டர்சன் குழுவினர் இன்னும் நுட்பமாகச் சென்றார்கள். பாசியிலிருந்து எடுத்த, ஒளிபட்டால் வேலைசெய்யும் புரதத்தை ஆண் சுண்டெலியின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்களுக்குள் சேர்த்து, மெல்லிய கண்ணாடி இழை வழியாக நீல ஒளி பாய்ச்சினார்கள். சும்மா இருந்த எலி, பெண் எலியைக் கடித்தது. காற்றடைத்த ரப்பர் கையுறையைக்கூட விடவில்லை!

ஆனால் அதே எலி இணைசேரும் வேளையில் ஒளி பாய்ச்சினால் அவ்வளவு எளிதில் கடிக்கவில்லை. எதிரே யார், என்ன உறவு என்பது அந்த நரம்பணுக்களையே கட்டிப்போடுகிறது. இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

அதே ஆண்டர்சன் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு உங்கள் அப்பா விஷயத்துக்கு நெருக்கமானது. இரண்டே வாரம் தனிக்கூண்டில் வைத்த எலிகளின் மூளையில் டாக்-2 என்ற மரபணுவின் வேலை பல இடங்களில் கூடியிருந்தது. புது எலியைக் கண்டால் பாய்ந்தன, பயமும் லேசில் தணியவில்லை. அந்த மரபணு தரும் பொருளைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் மூர்க்கம் குறைந்தது.

எலிக்குக் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. தனிமைக் கோபத்துக்கென்று நான் எழுதித் தரக்கூடிய மாத்திரை இன்று இல்லை. வயதானவர்களிடம் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவதுண்டு. காது மந்தம், தூக்கக் குறைவு, மறதி நோயின் தொடக்கம் ஆகியவையும் இப்படித்தான் தலைகாட்டும். முதியோர் நல மருத்துவரிடம் காட்டி இவற்றைப் பார்த்துவிடுங்கள். நீங்களே கூட்டிப் போங்கள். இரண்டு நாள் கூடத் தங்கி, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.