ஒளியை அறியும் யந்திரப் பிராணிகள்

கிடங்கில் விளக்கைப் போட்டதும் கரப்பான் மூட்டைச் சந்தில் ஓடி ஒளிகிறது. இரவில் கடைவாசலில் விட்டில் விளக்கைச் சுற்றுகிறது. முன்னதை அச்சம் என்றும் பின்னதை ஆசை என்றும் சொல்கிறோம். இவ்விரண்டும் இல்லாத யந்திரமும் அவ்வாறே நடக்கக்கூடும் என்பதைக் காப்பார் அன்பர்கள் அறிவது நலம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளை ஆராய்ச்சி செய்த கிரே வால்டர் என்பவர் 1948-49ஆம் ஆண்டுகளில் இரண்டு யந்திர ஆமைகளைச் செய்தார். அவற்றுக்கு எல்மர், எல்ஸி என்று பெயர். ஒவ்வொன்றிலும் மூன்று சக்கரங்கள், இரண்டு மோட்டார்கள், இரண்டு வால்வுகள், ஒளியை உணரும் ஒரு கண், முட்டினால் அறியும் ஓர் இணைப்பு; ஏறக்குறைய அவ்வளவே. அவை மிதமான ஒளியை நாடின. கடும் ஒளியை விட்டு விலகின. பேட்டரி தளர்ந்ததும் விளக்கெரியும் கூண்டில் புகுந்து மின்சாரம் ஏற்றிக்கொண்டன. பார்ப்பவர்க்கு இது பசியாகத் தோன்றும். காரணம் வேறு: பேட்டரி தளர்ந்தால் கண்ணின் கூர்மையும் குறைகிறது, முன்பு விரட்டிய ஒளி அப்போது மிதமாகிவிடுகிறது.

நம் பிள்ளைகளும் இத்தகைய ஒன்றைச் செய்யலாம். சிறு வண்டியொன்றில் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் பொருத்துக. ஒளிபட்டால் மின்தடை குறையும் கண்கள் இரண்டை முன்புறம் பக்கத்துக்கு ஒன்றாக அமைத்திடுக. ஒவ்வொரு கண்ணும் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக ஒரு மோட்டாரை நடத்தட்டும். ஒளி கூடினால் வேகம் கூடவேண்டும். இடக்கண்ணை இட மோட்டாருடன் இணைத்து, இடப்புறம் டார்ச் அடித்தால், இடச் சக்கரம் விரையும். வண்டி வலப்புறம் திரும்பி ஓடும். கம்பிகளைக் குறுக்காக மாற்றினால் அதே வண்டி ஒளியை நோக்கிப் பாயும்! பிரைட்டன்பெர்க் என்ற அறிஞர் 1984இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார்.

விட்டிலின் ஆசையும் இத்தகையதே. பறக்கும் பூச்சிகள் ஒளியின் பக்கம் முதுகைத் திருப்புவதாலேயே விளக்கைவிட்டு மீளாமல் சுழல்கின்றன என்று 2024இல் வெளியான ஆராய்ச்சி கண்டது.

வியாபாரிகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பேசும் யந்திரம், எழுதும் யந்திரம் என்று இன்று பல கடைவாசலுக்கு வருகின்றன. "இது உங்கள் மனமறிந்து நடக்கும்" என்று விற்பவர் சொல்லலாம். மூட்டையின் முத்திரையை மட்டும் பார்த்து நாம் அரிசிக்கு விலை பேசுவதில்லை. கையால் அள்ளிப் பார்த்தே பேசுகிறோம். அதுபோல, இது எதை உணர்கிறது, உணர்ந்ததும் எதை இயக்குகிறது, எவ்விடத்தில் தவறும் என்று கேட்டறிந்து வாங்குக. அந்தச் சிறு வண்டியைத் தன் கையால் செய்த பிள்ளைக்கு இக்கேள்விகள் தாமாகவே வரும்.