ஒரு நோயாளி, ஆறு எண்கள்

கேள்வி: மருந்து தந்தபின் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி டி-சோதனை செய்ததில், நான்காம் மணியில் மட்டும் வேறுபாடு தெரிகிறது. அதை முடிவாக எழுதலாமா? (தி. நகர் வாசகர்)

பதில்: கூடாது. முதன்மையான மணி எதுவென்பது முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: முழங்கால் அறுவைக்குப் பின் 40 பேரிடம் ஆறு வேளை வலி எண் (0–10) கேட்கப்பட்டது. 240 பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்கலாமா? (முதுநிலை மருத்துவ மாணவர், அடையாறு)

பதில்: ஆய்வேடுகளில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் பிழை இது. எண்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோளின்மேல் நிற்பது டி-சோதனை; ஆனால் வலியைப் பொறுத்துக்கொள்பவர் ஆறு வேளையும் குறைத்தே சொல்வார், தாங்க இயலாதவர் ஆறு வேளையும் கூட்டியே சொல்வார் என்பதால், ஒருவருடைய எண்கள் ஒன்றையொன்று ஒத்தே அமையும். அந்த ஒப்புமையின் அளவான ஒட்டுறவுக் கெழு 0.6 எனக் கொண்டால், 1 + (5 × 0.6) = 4; அதாவது, குழுவின் சராசரியைக் கணிப்பதில் 240 பதிவுகளும் 60 பேரிடம் ஒருமுறை கேட்டதற்கே சமம். இருக்கும் சான்றை நான்கு மடங்காகப் பெருக்கிக் காட்டி, அதை நம்பி அடுத்த நோயாளிக்கு மருந்து எழுதுவது மன்னிக்கத்தக்கதன்று.

அன்றைய சென்னை மாகாணத்து ஹூவின ஹடகலியில் 1920இல் பிறந்த புள்ளியியலாளர் சி. ஆர். ராவ், இப்படி ஒருவரிடமே பலமுறை எடுத்த அளவுகளின் வளர்ச்சிக் கோடுகளை ஒப்பிடும் முறைகளை 1958இலேயே எழுதிவிட்டார். எளிய வழி, ஒருவரின் ஆறு எண்களையும் வரைகோடாக்கி, அதன் கீழுள்ள பரப்பை அவருக்குரிய ஒரே எண்ணாகக் கொள்வது. வலி குறையும் வேகமும் தெரியவேண்டுமெனில், புள்ளியியலாளர்கள் லேர்டும் வேரும் 1982இல் விளக்கிய கலப்பு மாதிரி பொருந்தும். மருந்தின் பொது விளைவையும் ஒவ்வொருவரின் தனி இயல்பையும் அது பிரித்துக் கணிக்கிறது.

கேள்வி: இடையில் விலகியவரின் கடைசி எண்ணையே மீதி வேளைகளுக்கும் நிரப்பலாமா? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: வலி தாங்காமல் விலகியவருக்கும் வலி தணிந்து வீடு திரும்பியவருக்கும் ஒரே விதியா? விலகிய காரணத்தைப் பதிந்து, கிடைத்த எண்களை மட்டும் கலப்பு மாதிரியில் இடுவதே முறை. விலகலுக்கான காரணம் பதிவான எண்களிலேயே தெரியாதபோது அதுவும் போதாது, மாற்று அனுமானங்களோடும் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: ஆய்வொன்றில் சேர்ந்துள்ள தாயாருக்கு, காலையில் சொன்ன எண் மாலையில் நினைவில் இருப்பதில்லை. ஆய்வு கெடுமா? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: கெடாது, கவலை வேண்டாம். பழைய எண்ணை யாரும் நினைவூட்டாமல், அந்த நேரத்து வலியை மட்டும் அவர் சொன்னால் போதும்.