திருப்பணிக்கு முன் நிலத்தைப் பார்த்தல்

ஆலயத்திற்கு அன்னதான மடமோ கல்யாண மண்டபமோ கட்டுவதென்று பரிபாலன சபை தீர்மானித்ததும் நிதி, வரைபடம், நல்ல நாள் ஆகிய மூன்றும் பார்க்கப்படுகின்றன. அத்திவாரம் வெட்டப்படும் நிலத்துக்குள் முன்னோர் விட்டுச்சென்றது ஏதேனும் உண்டா என்று பார்க்கும் வழக்கம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. பழைய கோயில்களின் சுற்றாடலோ பலதலைமுறைகள் குடியிருந்த நிலமாக இருப்பது வழமை.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அங்கு ஒரு மேட்டின் மண் வேறிடத்தை நிரப்புவதற்காக அள்ளப்பட்டு வந்தது. அம்மண்ணில் பழைய மட்பாண்ட ஓடுகள் கிடப்பதைக் கண்ட பின்னரே, 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் அங்கு அகழ்ந்தனர். பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமக்குழியும், எலும்புக்கூட்டின் அருகே பிராமி எழுத்துடைய சிறு முத்திரையும் கிடைத்தன. அதன் எழுத்தைக் 'கோவேத' என வாசித்துள்ளனர். அதற்கு முன் லொறிகளில் ஏறிப் போன மண்ணோடு என்னென்ன போயின என்பதை எவராலும் சொல்ல முடியாது.

ஆகவே மண்வெட்டி எடுக்குமுன் பார்க்கவேண்டியவை சில உண்டு. முதலாவது, பழைய உறுதிகள். யாழ்ப்பாணத்து உறுதிகளில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு; அவற்றுட் பல ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளிலும் பதியப்பட்டவை. பிட்டி, திடல், மேடு, கோட்டை, பள்ளி என முடியும் பெயர்கள் காரணமின்றி வந்தவையல்ல. இன்று நிலம் மட்டமாக இருந்தாலும் பெயர் பழைய மேட்டைக் காட்டிக்கொடுக்கும். பெட்டகத்தில் கிடக்கும் உறுதிகளைக் காணிப் பிணக்கு வந்தால் மட்டும் எடுத்துப் பார்ப்பது போதாது.

அடுத்தது, நிலத்தில் நடந்து பார்த்தல். தோட்டம் உழுத பின்னும் ஐப்பசி மழை மண்ணைக் கழுவிய பின்னும் இது எளிது. உட்புறமும் விளிம்பும் கறுப்பாய், வெளிப்புறம் சிவப்பாய் உள்ள ஓடுகள் ஆனைக்கோட்டையிலும் கந்தரோடையிலும் கிடைத்தவற்றை ஒத்த பழமையைக் குறிக்கலாம். சங்கு வளையல் துண்டு, கல்மணி, இரும்புக் கசடு ஆகியனவும் கவனிக்கத்தக்கன. சுற்றிவரச் செம்மண்ணாயிருக்க ஒரு துண்டு மட்டும் சாம்பல் கலந்த கருமண்ணாக இருப்பின் அங்கு மனிதர் நீண்டகாலம் வாழ்ந்திருக்கக்கூடும். புதிதாக வெட்டிய மலசலகூடக் குழியின் சுவரைப் பார்த்தாலே மண்படைகள் தெரியும். ஓரிரு ஓட்டை வைத்து எதையும் முடிவுகட்டிவிடக் கூடாது. நேற்று உடைந்த சட்டியும் ஓடுதான்.

அறிகுறி கண்டவுடன் தாமே தோண்டிப் பார்க்க நினைப்பது தவறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள் தேடி அகழ்வதற்குத் தொல்பொருட் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2000ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான ஒழுங்குகள், 0.25 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 10 பரப்புக்கு, மேற்பட்ட நிலத்தில் நடைபெறும் பலவகை அபிவிருத்தி வேலைகளுக்கு முன்கூட்டியே தொல்பொருட் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும் என்கின்றன. அறிந்தவர்கள் சிறு சோதனைக் குழிகளைப் படைபடையாக அகழ்ந்து பார்ப்பர். அதன்பின் கட்டடத்தைச் சற்று விலக்குவதா, அகழ்ந்து பதிவுசெய்த பின் கட்டுவதா என்று தீர்மானிக்கலாம். வரைபடத்தில் மடத்தை 20 அடி தள்ளி வைப்பதற்கு ஓர் அழிறப்பர் போதும். கொங்கிறீற் போட்ட பின் அது நடவாது.

அறிவித்தால் கோயிற் காணியே கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் பல சபைகளுக்கு உண்டு. குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் எழுந்த பிணக்குகளை அறிந்தவர்களின் அச்சத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. எனினும் இரவோடிரவாகச் சான்றை மண்ணுக்குள் புதைத்துவிட்டால், அவ்வூரின் பழமையைக் காட்டச் சபையிடமும் எதுவும் இராது. பொருள் கிடைத்த நாளிலேயே அது கிடந்த நிலையில், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து, எந்த இடத்தில் எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது என்று எழுதி, கண்டவர்களின் கையொப்பமும் பெறவேண்டும். அவ்விடத்தில் வேலையை நிறுத்தி, கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்துக்கும் தொல்பொருட் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். பல்கலைக்கழகத் தொல்லியல் ஆசிரியர்களையும் அழைத்துக் காட்டுவது நன்று. எல்லாக் கடிதங்களின் பிரதிகளும் திகதி முத்திரையுடன் ஆலயக் கோவையில் இருக்கட்டும்.